பத்திக்கு வெளியே ஒரு வரி

டெலிபோன் டைரக்டரி ஒரு காலத்தில் ஈயமாக இருந்தது. அது காகிதமாவதற்கு முன்னால் நான் அதைக் கையில் தூக்கியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கான ஈயத்தை இரும்புத் தட்டோடு தூக்கினால் வளர்ந்த ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல இருக்கும். குட்டியாவது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், இது கொடுக்காது. மதுரையில் யார் யார் வீட்டில் போன் இருந்ததோ அத்தனை பேரும் திருநகர் போகிற ரோட்டில் ஒரு அச்சகத்தின் பின்கட்டில் ரேக் ரேக்காக அடுக்கிக் கிடந்தார்கள். டாக்டர், வக்கீல், ஜவுளிக்கடை, அரிசி மண்டி எல்லோரும் அங்கே ஒரே எடை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். சிவகாசியில் தீப்பெட்டி வேலை, தூத்துக்குடியில் உப்பளம் என்று சுற்றினேன். உப்பில் நின்று நின்று காலில் புண் வைத்தது. ஆறுகிற வழியாக இல்லை. ஒரு லாரியில் ஏறி மதுரைக்கு வந்தேன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் பாய் வாடகைக்குக் கொடுப்பார்கள். மழை வந்தால் பாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார வேண்டும். பக்கத்துப் பாய்க்காரர்தான், அச்சகத்தில் எடை தூக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார். போனேன். முதலாளி என் படிப்பைக் கேட்கவில்லை, முதுகைப் பார்த்தார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். காகிதக் கட்டுகளின் மேல் படுத்துக்கொள்ளலாம் என்றார். அதுவரை நான் படுத்த இடங்களிலேயே அதுதான் நல்ல இடம்.

அங்கே லைனோ மிஷின் என்று ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். ஆப்பரேட்டர் அதன் முன்னால் உட்கார்ந்து டைப் அடிப்பது போல அடிப்பார். பித்தளை அச்சுகள் மேலேயிருந்து சலசலவென்று இறங்கி வரிசை கட்டி நிற்கும். பின்னால் உருகிக் கிடக்கும் ஈயம் அவற்றின் மேல் பாயும். ஒரு வரி முழுவதும் ஒரே கட்டியாக, அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட் போலச் சுடச்சுட வந்து விழும். பெயர், இனிஷியல், தொழில், தெரு, நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. நாங்கள் அதை லைன் என்போம்.

புத்தகம் வெளியான பிறகு லைன்களை உருக்கிவிட மாட்டார்கள். கயிறு கட்டித் தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். அடுத்த பதிப்புக்கு டெலிபோன் ஆபீசிலிருந்து மாறுதல் பட்டியல் வரும். புதிதாகக் கனெக்‌ஷன் வாங்கியவர்களுக்கு லைன் அடித்து அவரவர் இடத்தில் செருக வேண்டும். ஒரே ஒரு எண் தப்பாக இருந்தாலும் அந்த எண்ணை மட்டும் மாற்ற முடியாது. லைன் முழுவதையும் திரும்ப அடித்து, பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்க வேண்டும். பிடுங்கியது ஒரு தகர டப்பாவில் விழும். காலையில் அந்த டப்பாவைக் கொட்டி உருக்குவது என் வேலை. செத்துப்போனவர்கள், கனெக்‌ஷன் வெட்டப்பட்டவர்கள், வீடு மாறியவர்கள் எல்லோரும் ஒரே சட்டியில் இளகுவார்கள். மேலே கறுப்பாக ஆடை படியும். கரண்டியால் வழித்தெடுத்தால் அடியில் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைக் கட்டியாக வார்த்து மிஷினுக்குக் கொடுத்தால் அதிலிருந்தே புது ஆட்கள் வருவார்கள்.

அந்த வாடை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். வாயில் ஒரு இனிப்பு தட்டும். அது நல்லதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மருந்து என்று முதலாளி தினம் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார். நாங்கள் பழத்தைத் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தோம்.

லைனைப் பிடுங்குவதும் செருகுவதும் ஒரே ஆள்தான். நடுத்தர வயது. பட்டுநூல்காரர் குடும்பம். முன்னோர்கள் குஜராத் பக்கமிருந்து வந்தவர்கள் என்பார். வீட்டில் அவர்கள் பாஷை, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் எங்களிடமும் அவர்கள் பாஷைதான். கரெக்‌ஷன் அண்ணன் என்று கூப்பிடுவோம். கையில் மரப்பிடி போட்ட ஒரு ஊசி வைத்திருப்பார். ஈயத்தில் எழுத்து இடவலம் மாறி இருக்கும், அதுவும் இங்கிலீஷ். அவர் தட்டின் மேல் குனிந்து விரலை ஓட்டிக்கொண்டே போவார். ஓரிடத்தில் நிறுத்தி, ஊசியை விட்டு நெம்புவார். லைன் எழும்பி வரும். மீன் பிடிக்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அச்சகத்தில் சாப்பாடு போட்டார்கள். சமைக்க வந்தவர் திருப்பரங்குன்றத்துக்காரர். கோயிலில் நடக்கிற கல்யாணங்களுக்குச் சமைக்கிறவர். மிஷின்களுக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். ரேக்குகளைப் பார்த்துவிட்டு, இது என்ன பாத்திரம் அடுக்கின மாதிரி அடுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இங்கனதான் அந்தப் பொஸ்தகம் அடிக்கிறீகளா? மாப்ள, எனக்கும் போன் வந்துருச்சு. எம்பேரு அதுல வருமா?"

பட்டியலில் இருந்தால் வரும் என்றேன். அன்றைக்கு அவர் இலை போட்டுப் பரிமாறும்போது என் இலையில் மட்டும் வடை இரண்டாக விழுந்தது.

அதன் பிறகு வந்துகொண்டே இருந்தார். திருப்பரங்குன்றத்திலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் வாழை இலையில் மடித்த கேசரியோ, முந்தின நாள் கல்யாணத்தில் மிஞ்சின லட்டோ இருக்கும். அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. முன்பெல்லாம் கல்யாணம் பேசியவர்கள் நேரில் வந்து சமையலுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். மண்டபத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் இவர் உட்கார்ந்திருந்தால் போதும். டவுன்காரர்கள் இப்போது போனில் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார்கள். போன் வைத்திருக்கிற சமையல்காரர்களுக்கு ஒரு முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணம் வந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கு டீதான் வந்தது. போனுக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். கனெக்‌ஷன் வந்த நேரத்தில் டெபாசிட் கட்ட வழியில்லாமல் தன்னுடைய இரண்டு பெரிய அண்டாக்களை விற்றுவிட்டார். சமையல்காரன் அண்டாவை விற்றால் தையல்காரன் மிஷினை விற்ற மாதிரி. அவரோடு வேலை செய்கிற ஆட்கள் ஐந்தாறு பேர், தை மாதம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தையில் கல்யாணம் வரவில்லை என்றால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். புத்தகத்தில் பெயர் வந்தால்தான் போன் அடிக்கும். அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

அவருடைய லைனை அடித்த அன்று அவர் அங்கேயே இருந்தார். ஆப்பரேட்டர் சூட்டோடு எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நாங்களெல்லாம் ஊதி ஊதிப் பிடிக்கிற சூடு. அவருக்கு அது உறைக்கவே இல்லை. அப்பளத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா நானு?" என்றார். "இதுக்கா இம்புட்டு வருசம்?"

மை தடவிக் காகிதத்தில் அழுத்திக் காட்டினோம். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் அளவுக்குக்கூடத் தெரியாது. எது பெயர், எது சமையல் கான்ட்ராக்டர், எது தெரு என்று விரல் வைத்துக் கேட்டுக்கொண்டார். கரெக்‌ஷன் அண்ணன் லைனை அவர் கண் முன்னாலேயே தட்டில் செருகினார். புரூஃப் போட்டுப் பார்த்தாயிற்று. சரியாக இருந்தது.

அவருடைய பெயர் மதுரைப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கிற சாமி பெயர். டைரக்டரியில் அந்தப் பெயர் மட்டும் ஒரு பத்தி நிறைய நின்றது. இனிஷியலில்தான் வித்தியாசம். அவருக்கு நேர் மேலே ஒரு பேங்க் உத்தியோகஸ்தர் இருந்தார். அந்த மனிதர் ஆரப்பாளையத்திலிருந்து திருநகருக்கு வீடு மாறினார். டெலிபோன் ஆபீசின் கடைசிப் பட்டியலில் அந்த மாறுதல் வந்தது. பக்கங்களை இறுக்கி மிஷினில் ஏற்றுகிற நேரம். புது முகவரியோடு லைன் அடித்து வந்தது. கரெக்‌ஷன் அண்ணன் குனிந்து, ஊசியால் நெம்பி, பழையதைப் பிடுங்கிப் புதியதை வைத்தார். அதற்கு மேல் புரூஃப் போட நேரமில்லை. பக்கம் மிஷினுக்குப் போனது. பிடுங்கிய லைன் டப்பாவுக்குப் போனது. மறுநாள் காலை டப்பா என் சட்டிக்கு வந்தது.

தாள் அச்சாகி இறங்கிய அன்று சமையல்காரர் வந்தார். நான் பெருமையாக, மை காயாத தாள் ஒன்றை எடுத்து வந்து மேஜையில் விரித்தேன். அந்தப் பெயர் வரிசையைக் கண்டுபிடித்து விரலை ஓட்டினேன். பேங்க்காரர் இருந்தார், ஆரப்பாளையம். அதற்குக் கீழேயும் பேங்க்காரர் இருந்தார், திருநகர். அதற்கும் கீழே வேறு யாரோ. நான் மறுபடியும் மேலேயிருந்து வந்தேன். சமையல்காரர் என் விரலோடு கூடவே வந்தார். நான் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார்.

கரெக்‌ஷன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்து லைனைப் பிடுங்கியிருக்கிறார். இரண்டும் ஒரே பெயர், ஈயத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். அவர் தன் பாஷையில் தனக்குள்ளேயே ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டார். பிறகு தமிழில், லைனை மாற்றி வைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். ஒரு லைனைத் திரும்ப அடிக்க அரை நிமிடம் போதும். ஆனால் தாள் முழுவதும் அச்சாகிவிட்டது. இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தோம்.

சமையல்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும்.

"அடுத்த பொஸ்தகம் எப்பண்ணே வரும்?"

"ரெண்டு வருசம் ஆகும். கூடவும் ஆகலாம்," என்றார் அண்ணன்.

"அப்ப ரெண்டு தை போயிரும்," என்றார்.

முதலாளியிடம் போனோம். கெட்டவர் இல்லை. ஆனால் காகிதம் அவருடையது இல்லை, டெலிபோன் இலாகா கொடுப்பது. வீணானதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மறுபடி அடிப்பது நடக்காது என்றார். புத்தகத்தின் கடைசியில் விடுபட்டவை என்று ஒரு பக்கம் உண்டு, அதில் போட்டுவிடலாம் என்றார். சமையல்காரர் வாசற்படியில் நின்றபடியே பதில் சொன்னார்.

"கடைசிப் பந்திக்கு வாரவுகளுக்கு ரசமும் மோரும்தான் மொதலாளி மிஞ்சும். அந்தப் பக்கத்தைத் தொறந்து யாரு பாப்பாக?"

நானும் வெளியே வந்துவிட்டேன். சமையல்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார்.

கரெக்‌ஷன் அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸை மூடியபடியே வைத்துவிட்டு அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் நடந்தார். பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு வெள்ளையாக விட்டிருந்தது. ஒரு பட்டு ஜவுளிக் கடை அந்த இடத்தை விளம்பரத்துக்கு வாங்கியிருந்தது. விளம்பரம் சிவப்பில் வர வேண்டும். சிவப்பு மை போட்டு அந்தத் தாள்களையெல்லாம் இன்னொரு முறை மிஷினில் விட வேண்டியிருந்தது. பத்தி முடிகிற இடத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இரண்டு வரி அளவு இடைவெளி இருந்தது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலாளியிடம் நேராகப் போய், சமையல்காரர் லைனை விளம்பரத்தோடு சேர்த்துப் பூட்டிச் சிவப்பில் ஓட்டிவிடலாம் என்றார். தனியாகச் செலவு இல்லை, காகிதமும் வீணாகாது. முதலாளிக்குப் பயம்.

"ஒருத்தன் பேரு மட்டும் செவப்புல வந்தா மத்தவன் சும்மா இருப்பானா? ஆபீஸ்ல கேட்டா என்னய்யா சொல்றது?"

"எம் பேரைச் சொல்லுங்க மொதலாளி. பிடுங்குனது நாந்தான்."

முதலாளி தாளை வாங்கி இடைவெளியைக் கட்டைவிரலால் அளந்தார். விளம்பரத்தில் மை இழுகிவிடக் கூடாது என்று சொன்னார். அதுதான் சம்மதம்.

லைனைத் திரும்ப அடித்தார்கள். விளம்பர பிளாக்குக்கு மேலே அதை ஒற்றையாக வைத்து, சுற்றிலும் கட்டைகளைக் கொடுத்துப் பூட்டினார் கரெக்‌ஷன் அண்ணன். கட்டைகளை இறுக்குகிற சாவியை முறுக்கிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி முறுக்கினார். சிவப்பு மை உருளையில் பரவுகிற சத்தம் முறுக்குப் பிழிகிற சத்தம் போல இருந்தது. முதல் தாள் வந்தது. கறுப்புப் பத்திகளுக்கு அடியில், அகர வரிசைக்கும் பத்திக்கும் வெளியே, தன்னந்தனியாக அவர் நின்றார். புத்தகம் முழுவதிலும் சிவப்பில் வந்த ஒரே மனிதர்.

நான்தான் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் போய்க் கூட்டிவந்தேன். அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன்.

"பந்தியில எடமில்லாம வாசல்ல உக்கார வச்ச மாதிரி இருக்கே அண்ணே," என்றார்.

கரெக்‌ஷன் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "வாசல்ல உக்காந்திருக்கவனைத்தான் வாரவன் போறவன் எல்லாம் பாப்பான். உள்ள இருக்கவனை யாரு பாத்தா?"

சமையல்காரர் தாளை மடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்கழியில் புத்தகம் வீடு வீடாகப் போனது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தைக்கு ஏற்பாடு அப்போதுதான் நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை வீடு. முக்காலியில் போனை வைத்து, பூ வேலை செய்த துணி போர்த்தி, குங்குமம் வைத்திருந்தார்கள். அவர் எதிரே சம்மணம் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெளியே போவதே இல்லை என்று அவர் மனைவி சொன்னார். காய் வாங்கக்கூட மனைவியேதான் போக வேண்டியிருக்கிறதாம். புத்தகம் வந்த நாளிலிருந்து நாலைந்து முறை போன் அடித்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்ததால், எல்லாம் அந்தப் பேங்க்காரரைத் தேடி வந்தவை. இவர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகத் திருநகர் நம்பரைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம் என்று, நான் போனதும் என்னை வைத்து அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

நான் இருக்கும்போதே அடித்தது. அவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு எடுத்தார். ஒரு பெண் குரல் வெளியே கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசியது. கூறைப்புடவை வந்திருக்கிறதா என்று கேட்டது. விளம்பரத்துக்கு மேலேயே சிவப்பில் நின்றதால் ஜவுளிக் கடையின் நம்பர் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் கூச்சமில்லாமல் பேசினார்.

"இல்லம்மா, இது சமையலு. கடை நம்பரு அதுக்குக் கீழ இருக்கும், பாருங்க. புடவை எடுத்துட்டு வாங்க. எடுத்த பெறகு சாப்பாடு போடணும்ல? அப்ப இதே நம்பருக்குச் சொல்லுங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டு வைத்தது. மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் போன் செய்து, எத்தனை இலைக்கு என்ன ஆகும் என்று கேட்டாராம். அதுதான் முதல் கல்யாணம். அப்புறம் ஜவுளிக் கடையைத் தேடி வந்தவர்களில் பத்துக்கு இரண்டு பேராவது சாப்பாட்டுக்கும் சொன்னார்கள். கூறைப்புடவை தேடுகிற வீட்டில் கல்யாணம் இருக்கத்தானே செய்யும். கடைக்காரர் எங்கள் முதலாளியிடம் வந்து, காசு கொடுத்து வாங்கிய இடத்தில் எவனோ சமையல்காரன் அடுப்பு மூட்டுகிறான் என்று ஒரு மூச்சு கத்திவிட்டுப் போனார். முதலாளி அவருக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். இலாகாவிலிருந்து யாரும் கேட்கவில்லை. கவனித்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தை பிறந்து சில நாளில் சமையல்காரர் அச்சகத்துக்கு வந்தார். கரெக்‌ஷன் அண்ணனுக்கு ஒரு தூக்கு நிறைய அக்காரவடிசல். தூக்கை மேஜையில் வைத்துவிட்டு அவர் தின்று முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு பின்கட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். அடுத்தடுத்து முகூர்த்தம், ஆள் பற்றவில்லை என்றார்.

"ஈயம் கிண்டுற கையி பாயாசம் கிண்டாதா? வாரியா மாப்ள?"

டைரக்டரி வேலை முடிந்துவிட்டது. பிரித்த பக்கங்களை மறுபடி தட்டில் கட்டி ரேக்கில் ஏற்றியாயிற்று. இனி இரண்டு வருடம் அது அப்படியே கிடக்கும். ஓரிடத்தில் அவ்வளவு நாள் கிடக்க எனக்கு எப்போதுமே முடிந்ததில்லை. வாரேன்ணே என்றேன்.

நான் போன முதல் கல்யாணம் உசிலம்பட்டிப் பக்கம். விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. அண்டாக்களை ஏற்றினோம். எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் வேறு யார் யாருடைய பெயரோ வெட்டியிருந்தது. பழைய ஆட்கள் ஐந்தாறு பேரும் வந்து ஏறிவிட்டார்கள். அவர் மனைவியும் இலை நறுக்க எங்களோடு வந்தார். சமையல்காரர் கடைசியாகக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு லாரியின் சக்கரத்தில் காலை வைத்தார்.

உள்ளே போன் அடித்தது.

டிரைவர், நேரமாகிறது, போய்ச் சேர்ந்து அடுப்பு மூட்ட வேண்டாமா என்று கேட்டார். அவர் காலை இறக்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். அவர் மனைவி, இனிமேல் இவரைக் கிளப்பின மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைப் பிரித்தார். ஆட்களில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் பீடி பற்றவைத்தார். அண்டாக்களுக்கு நடுவில் கால் நீட்ட இடம் பார்த்து உட்கார்ந்து, அவர் பேசி முடித்துவிட்டு வருவதற்காக நாங்கள் காத்திருந்தோம்.